ருசி பார்க்க ஓர் ஆள்

“அப்போ வேற யாராவது ருசி பார்க்கலாமே?”

“பார்க்கலாம் மேடம்.”

“ஆனா நீங்கதான் பார்க்கறீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

இந்த ‘ஏன்’தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மற்ற எல்லா ‘ஏன்’களுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஏன் இந்த ஆபரேஷன் வேண்டும் என்றால், படுத்தால் மூச்சு அடைக்கிறது, வருஷக்கணக்காக நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறேன், மனுஷி மாதிரி காலை நீட்டிப் படுக்க ஆசையாக இருக்கிறது என்பாள். ஏன் இப்போது என்றால், முழங்கால் இனிமேல் பொறுக்காது என்று எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார் என்பாள். இரைப்பையைச் சுருக்கிய பிறகு கையளவுதான் சாப்பாடு, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, ஆயுள் முழுக்க மாத்திரை, கத்தி பாதி வேலைதான் செய்யும், மீதியை நாம்தான் செய்ய வேண்டும். எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். தூங்கினால்தானே எழுப்புவதற்கு.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலோசகர் சின்ன வயது. ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் மனதளவில் தயாரா என்று பேசிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் தலையாட்டினால்தான் அறுவை மருத்துவர் தேதி கொடுப்பார். கோபமே வராதவர் அந்த ஆலோசகர். அதுதான் பெரிய தொல்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம். இப்படி மெத்தையில் குத்துகிற மாதிரி இருக்கிறவரிடம் என்ன செய்வது?

ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்குவதற்காக வெறும் நீராகாரத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒத்திகையாக ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அவள் இருந்தாள். பாதி வாரம்வரை இருந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் சூப்பு, கறி, காய் என்று எல்லாப் பாத்திரத்திலும் கரண்டியை விட்டு ருசி பார்த்துவிட்டாள். மறைத்திருக்கலாம். மறைக்கத் தெரியாமல் உள்ளே நுழைந்ததுமே போட்டு உடைத்தாள்.

“ஒரு வாய்தானா?”

“பல வாய்.”

“துப்பியிருக்கலாமே?”

“சமையல் கட்டுல நின்னுக்கிட்டு எப்படி மேடம் துப்பறது? நாலு பேர் சாப்பிடற இடம்.”

ஆலோசகர் மேஜை மேலிருந்த ரப்பர் இரைப்பையை மெதுவாக ஓரம் தள்ளினார். அது நடுவில் திறந்து மூடக்கூடிய பொம்மை. முதல் தடவை வந்தபோது அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள். இன்றைக்கு இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆலோசகர் சொன்னது இதுதான். சமைக்கிற தொழிலில் இருக்கிறவர்களுக்கும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. அவர்கள் ருசி பார்க்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆபரேஷன் ஆன புதிதில் ஒரு கரண்டி எண்ணெயும் சர்க்கரையும் போனால்கூடத் தலை சுற்றும், குடலைப் புரட்டும், தையலுக்கும் ஆகாது. சமையலறையில் கணவர் இருக்கிறார், காய் நறுக்குகிற பெண் இருக்கிறாள். இவ்வளவு பேர் இருந்தும் கொடுக்க முடியவில்லை என்றால், கரண்டியை விட இவளுக்கே மனம் இல்லை என்றுதான் அர்த்தம்.

“தப்பா எடுத்துக்காதீங்க. வயித்தைச் சுருக்கிடலாம். கரண்டியைப் பிடிச்ச கையை நாங்க எதுவும் பண்ண முடியாது. அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்டயும் பேசிட்டு முடிவு பண்ணலாம்.”

எழுந்து வெளியே வந்தாள். அந்தக் கட்டிடத்தில் எல்லா நாற்காலிகளும் கைப்பிடி இல்லாமல் அகலமாக இருந்தன. வந்த முதல் நாளில், உலகத்தில் நமக்கென்று ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது என்று நெஞ்சு குளிர்ந்திருந்தாள். இப்போது அதே நாற்காலிகள் வரிசையாக உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போ என்று சொல்வதைப் போலத் தெரிந்தது.

*

அவள் கணவனை எல்லாரும் ‘கைமணம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்புகிற சமையலறை அவர்களுடையது. முன்னால் ஒரு பழைய பட்டறையாக இருந்த கூடம். ஒரு பக்கம் மூன்று பெரிய அடுப்புகள், எதிர்ப்பக்கம் நறுக்குகிற மேஜை, நடுவில் புகை போக ஒரு விசிறி. கைமணம் அடுப்பு முன்னால் நிற்பான். அவள் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். நறுக்குகிற மேஜையில் காய்க்காரி, முதுகைக் காட்டியபடி.

சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. திரும்ப வரும் என்றார்கள், வரவில்லை. வெங்காயம் கருகினால் அவனுக்குப் புகையைப் பார்த்துத்தான் தெரியும். உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் அவள் கேட்டதற்கு, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி என்றான். சொல்லிவிட்டு அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. வெளியில் மூச்சு விடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். கைமணம் என்று பெயர் வாங்கினவனுக்கு நாக்கு இல்லை என்று தெரிந்தால் எவன் சாப்பிடுவான்? அவள் அவன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அன்றிலிருந்து அவள்தான் அவனுக்கு நாக்கு. யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டுமே என்று அவர்களே ஒரு பாஷை கண்டுபிடித்தார்கள். ருசி பார்த்துவிட்டுக் கரண்டியால் பாத்திர விளிம்பில் அவள் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் உப்பு போதவில்லை. இரண்டு தட்டு என்றால் புளிப்பு. விளிம்பில் கரண்டியை இழுத்து உரசினால் காரம். மூன்று தட்டு என்றால் போதும், இறக்கு. அவன் அவள் பக்கம் திரும்பக்கூட மாட்டான். காது கேட்கும், கை போடும். பார்க்கிறவர்களுக்கு, கரண்டியில் ஒட்டியதை உதறுகிறாள், அவ்வளவுதான்.

பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவள் சும்மா இருக்க மாட்டாள், வாய் ஓயாது என்று. காய்க்காரி நல்லவள்தான். ஆனால் அவளும், “அக்கா, பாத்திரத்துல மத்தவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க” என்று சிரிப்பாள். கைமணமும் சேர்ந்துகொள்வான். எங்கள் வீட்டில் மிக்ஸி தேவையில்லை, எல்லாம் இவளே அரைத்துவிடுவாள் என்று சாப்பாடு எடுக்க வருகிற டிரைவர்கள் வரைக்கும் சொல்லி வைத்திருந்தான். முதல் தடவை அவன் அதைச் சொன்னபோது, சந்தேகம் வராமல் இருப்பதற்காகச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைக்கூடச் சிமிட்டினான். நாளாக நாளாகச் சிமிட்டுவது நின்றுவிட்டது. ஜோக் மட்டும் நிற்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், ருசி பார்த்தே இவ்வளவு உடம்பு வந்துவிடவில்லை. முன்பும் அவளுக்குப் பூசினாற்போன்ற உடம்புதான். மனம் சரியில்லாத நாளில் பிஸ்கட் பாக்கெட்டின் அடி தெரியும்வரை தின்றிருக்கிறாள், அதையும் ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் காலை முழுக்க மூன்று அடுப்புக்கும் வாயைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒழுங்காக உட்கார்ந்து ஒரு சாப்பாடும் சாப்பிட்டு, அவன் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து அவனுக்குப் பதிலாகவும் ஒரு கவளம் எடுத்துப்போட்டுக்கொண்டால் உடம்பு என்ன செய்யும்? அவன் ஒரு பக்கம் இளைத்தான், அவள் ஒரு பக்கம் பெருத்தாள். தராசுத் தட்டு மாதிரி.

ஒத்திகை வாரத்தில் அவள் முக்காலியை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டாள். அளவுக் கரண்டியை வைத்துச் சமைத்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்று அவன்தான் சொன்னான். முதல் இரண்டு நாள் பிழைப்பு ஓடியது. சாப்பாடு சுமார் என்று தகவல் வந்ததே தவிர, திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த நாள், சூப்புப் பாத்திரத்தில் நறுக்கிய காயைக் கொட்டிய காய்க்காரி, கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததை விளிம்பில் தட்டி உதறினாள். ஒரு தட்டு. பக்கத்து அடுப்பைப் பார்த்து நின்ற கைமணம் திரும்பாமலேயே கையை நீட்டி ஒரு பிடி உப்பை உள்ளே போட்டான். இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவள் மறுபடி தட்டினாள். அவன் மறுபடி போட்டான். பிறகு அவள் கறிப் பாத்திரத்துக்குப் போனாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே வருவதற்குள், முழங்காலை ஊன்றி எழவே அவளுக்கு ஒரு யுகம் ஆகும், எல்லாம் முடிந்துவிட்டது. கைமணம் என்ன நடந்தது என்றே தெரியாமல் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு?” என்ற முகத்தோடு அவளைப் பார்த்தான். அந்த முகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கரண்டியை வாங்கினாள். உருளைக்கிழங்கைப் போடு, தண்ணீரை ஊற்று, பாதியை எடுத்து வேறு பாத்திரத்தில் கொட்டு என்று சொல்லி, தட்டித் தட்டி, குடித்துக் குடித்து, மூன்று பாத்திரங்களையும் கரை சேர்த்தாள். அன்றைக்குச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெறும் வயிற்றில் உப்பும் எண்ணெயும் போய் அவள் சாயங்காலம் முழுக்கக் குமட்டலோடு கிடந்தாள்.

இதில் ஒரு முள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். கரண்டி கையில் வந்ததும், நாம் இல்லாவிட்டால் இந்தச் சமையலறை இல்லை என்று உடம்பெல்லாம் ஒரு தெம்பு ஏறியது. கரண்டியை விட உங்களுக்கே மனம் இல்லை என்று ஆலோசகர் சொன்னபோது அந்த முள்ளைத்தான் அவர் மிதித்தார். முழுக்கத் தப்பாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஆனால் அதை விட்டுவிடத் தயாராகத்தான் இருக்கிறாள். தெம்பும் வேண்டாம், பெயரும் வேண்டாம், படுத்தால் போதும்.

*

கணவனைக் கூட்டிவரச் சொன்னதைச் சொன்னதும் அவன் வெகுநேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

“வர்றேன். ஆனா அது மட்டும்...”

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “சத்தியம் பண்ணியிருக்கேன்ல.”

காய்க்காரியிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம், அவளைப் பழக்கிவிடலாம், நல்ல நாக்கு அவளுக்கு என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். காய்க்காரியிடம் சொன்னால் அவள் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்றான். பிறகு, ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன, அதற்குள் எனக்கு நாக்கு திரும்பினாலும் திரும்பும் என்றான். அவள் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியில் தலையணைகளை அடுக்கினாள். இந்த நாக்கு வரும் வரும் என்று அவள் காத்திருந்த காலத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

ஆலோசகரைப் பார்க்கப் போன அன்று அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வாசலில் இருந்த எடை மெஷினில் விளையாட்டாக ஏறி நின்று, தன் எடையைப் பார்த்து, “என்னையும் சேர்த்து இவளே சாப்பிட்டுட்டா” என்று அங்கிருந்த நர்ஸிடம் சொன்னான். நர்ஸ் மரியாதைக்குச் சிரித்தாள். அகலமான நாற்காலியில் உட்கார்ந்தபோது அவன் பெரியவர் செருப்பில் காலை விட்ட பிள்ளை மாதிரி இருந்தான்.

ஆலோசகர் அவனிடம் பக்குவமாகக் கேட்டார். ஆபரேஷனைப் பற்றி என்ன தெரியும், பயம் இருக்கிறதா, வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும். அவன் நன்றாகவே பதில் சொன்னான். அவன் பேசினால் யாருக்கும் பிடிக்கும்.

“அவங்க நீராகாரத்துல இருக்கறப்போ நீங்க எப்படி உதவி பண்ணுவீங்க சார்?”

“நானும் அவளோட சேர்ந்து வெறும் சூப்புதான் மேடம். எத்தனை வாரம்னாலும். அவ எதிர்ல ஒரு பருக்கை தொட மாட்டேன்.”

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. இந்த அளவுக்கு யாரும் முன்வருவதில்லை, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சூப்பும் பாத்திரம் கழுவின தண்ணீரும் ஒன்றாகத் தெரிகிற மனிதனுக்கு இதில் என்ன தியாகம்? ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. சொன்னால் செய்வான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ரொம்ப நல்லது. அப்போ ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்றார் ஆலோசகர். “ருசி பார்க்கற வேலை. ஒத்திகையும் அதுலதான் உடைஞ்சுது. உங்களுக்குக் கைமணம்னே பேராமே. நீங்களே ருசி பார்த்துக்கலாமே சார்?”

அவள் ரப்பர் இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவான் என்று தோன்றியது. இங்கே காய்க்காரி இல்லை, டிரைவர்கள் இல்லை, இந்தக் கதவைத் தாண்டி எதுவும் போகாது என்று ஆலோசகர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் தொண்டையைச் செருமினான்.

“நான் பார்த்தா இவ ஒத்துக்கணுமே மேடம்” என்று சிரித்தான். “பாத்திரத்தைத் திறந்தா இவளுக்குக் கை சும்மா இருக்காது. எங்க வீட்ல மிக்ஸியே தேவையில்லை...”

மீதியையும் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. அவளைத்தான் பார்த்தார். பரிதாபமான, மிருதுவான பார்வை. அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். இது யாருடைய தோல்வியும் இல்லை. சாப்பாட்டோடு இருக்கிற ஒட்டுதல் ஒரே நாளில் போகாது. அவசரப்பட்டு ஆபரேஷன் செய்துவிட்டுப் பிறகு அவஸ்தைப்படுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் இன்னும் சில மாதங்கள் பேசுவோம், அதற்கப்புறம் அறுவை மருத்துவரிடம் சொல்லலாம்.

இன்னும் சில மாதங்கள். வீட்டில் அவள் தூங்குகிற அந்த நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. அதில் அடுக்கிய தலையணைகள், நடுவில் குழிந்த இருக்கை, விடியற்காலையில் தலை தொங்கி மூச்சு முட்டித் திடுக்கிட்டு விழிக்கிறபோது எதிரே கட்டிலில் அவன் ஒரு ஓரமாகக் காலை நீட்டிப் படுத்திருக்கிற கோலம். அந்தக் கட்டிலில் அவளுக்கென்று பாதி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவன் தூக்கத்தில்கூட அதை எடுத்துக்கொள்வதில்லை. அதை நினைத்து எத்தனையோ தடவை அவனை மன்னித்திருக்கிறாள்.

ஆலோசகர் கணினிப் பக்கம் திரும்பி, அடுத்து எந்த மாதம் வசதிப்படும் என்று பார்க்க ஆரம்பித்தார்.

அவள் கையை எடுத்து மேஜையின் விளிம்பில் விரல் முட்டியால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆலோசகர் திரும்பிப் பார்த்தார். கைமணம் திரும்பவில்லை. ஆனால் அவன் வலது கை தானாக எழுந்து, காற்றில் ஓர் அடுப்பை அணைக்கிற மாதிரித் திருகியது. திருகிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கையை மடியில் போட்டு இன்னொரு கையால் மூடிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

“என்ன அது?” என்று கேட்டார் ஆலோசகர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப என்ன பண்ணினீங்க ரெண்டு பேரும்?”

அவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். அதுவும் அவளுக்குப் பழக்கமானதுதான். நாற்காலியைக் கணவன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். அவன் மூடி வைத்திருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். சொல்ல மாட்டேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “ஆனா மேடம் கேட்கறாங்க பாருங்க. ருசி பார்க்க என்னை விட்டா ஏன் வேற ஆள் இல்லேன்னு, நீங்களே உங்க வாயால அவங்ககிட்ட சொல்லுங்க.”